கருணை மட்டும் போதுமா?

பிறந்த நாள் வந்துவிட்டால் நம்மில் பலருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றுவதுண்டு. 'இந்த ஆண்டு வீட்டில் ஆடம்பரம் வேண்டாம். சிறப்புப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு வேளை உணவு கொடுப்போம்' என்று முடிவு செய்கிறோம். குடும்பத்தோடு செல்கிறோம். குழந்தைகள் பாடுகிறார்கள், நாம் கை தட்டுகிறோம். இனிப்பு வழங்குகிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். கண் கலங்க வீடு திரும்புகிறோம். அன்று இரவு மன நிறைவோடு உறங்குகிறோம். மறுநாள் காலை அக்குழந்தைகள் எப்படிப் பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

இக்கேள்வியை மற்றவர்களிடம் கேட்கும் தகுதி எங்களுக்கு இருந்ததில்லை. நாங்களும் அவ்வாறு இனிப்புப் பெட்டியோடு போனவர்களே. நாங்கள் இப்பள்ளியின் பழைய மாணவியர் இருவர். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்தவர்கள். எங்களுள் ஒருத்தி வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மற்றொருத்தி ஆசிரியையாக இருந்தவள். தாம்பரத்தை அடுத்த ஒரு சிறப்புப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகளாக உறுப்பினர்களாக இருந்து வருகிறோம். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நம் பள்ளியிலிருந்து கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதைவிட இதனை எழுதுவதே பயன் தரும் என்று எண்ணினோம்.

எங்களைக் குழுவில் சேரும்படி அழைத்தவர் அப்பள்ளியின் தாளாளர். 'மூன்று மாதத்திற்கு ஒரு கூட்டம். இரண்டு மணி நேரம் வந்து போனால் போதும்' என்றார். அவ்வளவுதானே என்று நாங்களும் இசைந்தோம். முதற் கூட்டத்தில் தேநீரும் சுண்டலும் வந்தன. வரவு செலவு அறிக்கையை ஒருவர் வேகமாகப் படித்தார். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றனர். நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்திட்டோம். வெளியே வந்தபோது, எதற்குக் கையெழுத்திட்டோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கேட்க வெட்கமாகவும் இருந்தது. நல்லவர்கள் நடத்தும் நல்ல நிறுவனத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதைப் பின்னால் அறிந்தோம். அதனை விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் உறுப்பினர்களான இரண்டாம் ஆண்டில் பள்ளிக்குப் பண முடை ஏற்பட்டது. டீசல் விலை ஏறியிருந்தது. நன்கொடையாளர் ஒருவர் தம் உதவியை நிறுத்திவிட்டார். பள்ளிக்கு இரண்டு வேன்கள். ஒன்று சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் போவது. அதில் குழந்தைகள் நிறைந்திருப்பர். மற்றொன்று ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போவது. அதில் ஏழு குழந்தைகள் மட்டுமே. 'ஏழு பேருக்காக ஒரு வண்டியா?' என்று கேள்வி எழுந்தது. எங்களுள் வங்கியில் இருந்தவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு மற்ற வண்டியைவிட இரு மடங்குக்கு மேல் வந்தது. கணக்கில் பிழை இல்லை. மேற்குப் பக்க வண்டியை நிறுத்துவதென்று தீர்மானம் நிறைவேறியது. நாங்கள் இருவரும் கை உயர்த்தினோம். சிக்கனமாக நிர்வாகம் செய்தோம் என்ற பெருமிதம்கூட எங்களுக்கு இருந்தது.

மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டத்திற்குச் சற்று முன்னதாகவே சென்றுவிட்டோம். வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்தபோது ஒரு சிறுவனின் சக்கர நாற்காலி சுவரோரமாகத் துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. அவன் எங்கே என்று ஆசிரியையிடம் கேட்டோம். 'வண்டி நின்றதிலிருந்து வரவில்லை' என்றார். ஏழு பேரில் நால்வர் எப்படியோ வந்துகொண்டிருந்தனர். மூவர் பள்ளியை விட்டே நின்றுவிட்டனர். இச்செய்தி எந்த அறிக்கையிலும் இல்லை. நாங்களாகக் கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இராது.

அந்தச் சிறுவனின் வீட்டைத் தேடிச் சென்றோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய பகுதிகளுள் அதுவும் ஒன்று. சுவரில் நீர் நின்ற கோடு அன்றும் மங்கலாகத் தெரிந்தது. அவனுக்கு மூளை முடக்குவாதம். வயது பதினான்கு. தாய் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

'ரெண்டு பஸ் மாறணும்மா. மேற்குத் தாம்பரத்துல இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, ரயில் பாலத்துல படி ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய் இன்னொரு பஸ் பிடிக்கணும். சின்னப் பிள்ளையா இருந்தப்ப இடுப்புல தூக்கிட்டுப் போயிருவேன். இப்ப என் உசரத்துக்கு வளந்துட்டான். ரெண்டு வாரம் தூக்கிப் பாத்தேன். படியில ஒரு நாள் ரெண்டு பேருமா விழுந்துட்டோம். அதோட விட்டுட்டேன்.'

'பள்ளியில் வந்து சொல்லியிருக்கலாமே, அம்மா?' என்று கேட்டோம்.

'பெரியவங்க எல்லாம் உக்காந்து முடிவு பண்ணதுன்னாங்க. நான் போய் என்னத்தச் சொல்றது?' என்றார்.

அந்தப் 'பெரியவங்க' நாங்கள்தாம். எங்களுக்கு விடை சொல்ல வாயெழவில்லை.

அதைவிடக் கொடிய செய்தி பிறகு கிடைத்தது. அச்சிறுவன் முந்திய ஆண்டு முழுவதும் பயிற்சி பெற்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் நிற்கக் கற்றிருந்தான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தசைகள் இறுக்கமாக இருக்கும். நாள்தோறும் நீட்டி மடக்கிப் பயிற்சி தராவிட்டால் தசையும் மூட்டும் சுருங்கி இறுகிவிடும். வளரும் வயதில் இது இன்னும் விரைவாக நிகழக்கூடும். மூன்று மாதம் பயிற்சியின்றிக் கிடந்த அவனால் மீண்டும் பள்ளிக்கு வந்தபோது நிற்க இயலவில்லை. பிசியோதெரபி செய்பவர் பல மாதங்கள் பாடுபட்டார். ஓரளவு தேறினான், பழைய நிலைக்கு வரவில்லை. சேமித்த டீசல் காசை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவன் நின்ற அந்தச் சில நிமிடங்களை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நாங்கள் கெட்ட எண்ணத்தோடு கை உயர்த்தவில்லை. எங்களிடம் கருணை இருந்தது, கணக்கும் இருந்தது. இவ்விரண்டும் அமர்ந்திருந்த மேசையில் அந்தத் தாய்க்கு மட்டும் நாற்காலி இல்லை. எங்கள் கருத்தின் அடிப்படையே இதுதான். குழந்தையின் வாழ்வைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் இடத்தில், அக்குழந்தையைத் தினமும் தூக்கிச் சுமப்பவருக்கு இடம் இருக்க வேண்டும்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. உலகம் இதனை முன்பே உணர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு ஆளுநர் குழு என்று ஒன்று உண்டு. ஊதியம் பெறாத சாதாரணக் குடிமக்களே அதன் உறுப்பினர்கள். பெற்றோரின் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதற்கு முன், 1978-இல், மேரி வார்னாக் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு சிறப்புக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. பெற்றோரைப் பள்ளியின் பங்காளிகளாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் முக்கியமான கருத்துகளுள் ஒன்று.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பதும் விதி. 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளையும் அப்பிரிவில் சேர்த்தது. ஆனால் அதே திருத்தம், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறுவதோடு நிற்கும் என்று வரையறுத்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்குழு கட்டாயமே இல்லை. சிறப்புப் பள்ளிகள் பலவும் தனியார் சங்கங்களாலும் அறக்கட்டளைகளாலும் நடத்தப்படுபவை. அங்கே பெற்றோருக்கு நாற்காலி போடுவதும் போடாததும் நடத்துபவரின் மனத்தைப் பொறுத்தது.

இத்தொண்டின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, திருச்சபையினரும் சமயத் தொண்டர்களும் தொடங்கிய வழி. காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி நம் நாட்டில் முதன்முதலாக 1880-களில் பம்பாயில் ஆயர் லியோ மூரின் அவர்களால் தொடங்கப்பட்டது. பார்வையற்றோருக்கான முதற் பள்ளியை 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் தொடங்கினார். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் கன்னியர் நடத்தும் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியையும், அடையாற்றில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் செயின்ட் லூயிஸ் நிறுவனத்தையும் அறியாதார் இலர். இவர்களின் தியாகத்திற்கு நாடு என்றும் கடன்பட்டுள்ளது.

மற்றொன்று, தாய்மார் கண்ட வழி. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த தம் மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி நம் நாட்டில் இல்லாததைக் கண்ட மிது ஆலூர் அம்மையார், 1972-இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். அம்மகள் வளர்ந்து, தம் வாழ்க்கை வரலாற்றையே நூலாக எழுதி வெளியிட்டார். நம் சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய அமைப்புதான் வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் நடைபெறுகிறது. அவரும் அத்தகைய ஒரு குழந்தையின் தாயே. பின்னர் அவர் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். அடையாற்றில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயாவில் காது கேளாத சிறு குழந்தைகளோடு தாய்மாரும் வந்து உடன் அமர்ந்து கற்கின்றனர். தாயின் அறிவைப் பள்ளி பயன்படுத்திக் கொண்டால் என்ன விளையும் என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. முதல் வழி அர்ப்பணத்தைத் தருகிறது. இரண்டாம் வழி அனுபவத்தைத் தருகிறது. நிர்வாகக் குழு என்பது இரண்டும் சந்திக்கும் இடமாக அமைய வேண்டும்.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்டோம். நாங்களே கை உயர்த்திய தீர்மானத்தை நாங்களே எதிர்ப்பது எளிதாக இல்லை. முகங்கள் சுளித்தன. ஆயினும் தாளாளர் பெருந்தன்மையோடு இடம் கொடுத்தார். மேற்குப் பக்கப் பெற்றோர் ஏழு பேரையும் அழைத்துப் பேசினோம். அவர்களுள் ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நெரிசல் என்பது அவருக்கு மனப்பாடம். 'வண்டியை இருபது நிமிஷம் முன்னாடி எடுங்க. இந்த ரெண்டு தெருவுக்குள்ள நுழைய வேண்டாம், நாங்களே முனைக்குக் கொண்டு வந்து விடறோம். டீசல் பாதியா குறையும்' என்றார். பாதியாகக் குறையவில்லை, ஆனால் கணிசமாகக் குறைந்தது. மீதிக்கு, மதில் சுவருக்கு வண்ணம் பூசுவதை ஓராண்டு தள்ளி வைத்தோம். வண்டி மறுபடி ஓடியது. எங்கள் கணக்கு நிபுணர்களுக்குத் தோன்றாத வழி, ஒரு தந்தைக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றியது.

அதே கூட்டத்தில், பெற்றோர் இருவரை வாக்குரிமையுடன் குழுவில் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் மறுத்தார். 'பெற்றோர் உள்ளே வந்தால் தம் பிள்ளைக்காகவே பேசுவார்கள். பொது நன்மையைப் பார்க்க மாட்டார்கள்' என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அத்தகைய பெற்றோரும் இருக்கலாம். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? எங்களுக்கு அங்கே பிள்ளை இல்லை. ஆகவே யாருக்காகவும் பேசவில்லை. தன் பிள்ளைக்காகப் பேசுகிறவரைப் பொது நன்மையை நோக்கித் திருப்பிவிடலாம். யாருக்காகவும் பேசாதவரை எந்தப் பக்கம் திருப்புவது? நீண்ட விவாதத்திற்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. படியில் விழுந்த அந்தத் தாய் இன்று குழுவில் உறுப்பினர். முதல் இரண்டு கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கூட்டத்தில், 'பெண் பிள்ளைங்க கழிப்பறைக் கதவுல தாழ்ப்பாள் இல்ல' என்றார். அவ்வளவு நாளும் அதே வராந்தாவில் நடந்து போன எங்களுள் ஒருவருக்கும் அது தெரியாது.

இத்தகைய குழுவில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. புரியாத கணக்குக்குக் கையெழுத்திடக் கூடாது. ஒரு சிறப்புப் பள்ளிக்குப் பல வழிகளில் பணம் வரலாம். அரசு மானியம், தனியார் நன்கொடை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சிறப்புக் கல்வியும் அப்பணிகளுள் ஒன்று. எந்தப் பணம் எதற்கென வந்ததோ அதற்கே செலவாகிறதா என்று கேட்பது சந்தேகத்தால் அன்று. நேர்மையாளருக்குக் கேள்வி ஒரு கவசம்.

இரண்டாவது, ஆசிரியர். சிறப்பாசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதோடு குழுவின் கடமை முடிவதில்லை. அந்த ஆசிரியைக்கு மாதந்தோறும் ஒழுங்காகச் சம்பளம் போகிறதா? அவர் விடுப்பு எடுத்தால் குழந்தைக்கு யார்? ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதப்படுகிறதா? எழுதியது ஏட்டுச் சுரைக்காயாக இராமல் வகுப்பில் நடக்கிறதா?

மூன்றாவது, பாதுகாப்பு. பேச இயலாத குழந்தை தனக்கு நேர்ந்ததைச் சொல்லாது. ஆகவே வண்டியில் உடன் செல்பவர் யார், கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதைக் குழு அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் நடந்ததென அறிந்தவர் அதனைத் தெரிவிப்பது கட்டாயம் என்கிறது. 'நம் நிறுவனத்தின் பெயர் கெடுமே' என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

நான்காவது, பதினெட்டு வயதுக்குப் பின். பெற்றோர் எவரிடம் பேசினாலும் பேச்சு இறுதியில் இங்கேதான் வந்து நிற்கும். 'நாங்க போன பிறகு இவன் கதி என்ன?' என்பார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய குழு இதனைச் செய்கிறது. இச்செய்தி எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பயிற்சிகளை எத்தனை பேர் அறிவர்? தெரிந்ததைத் தெரியாதவருக்குக் கொண்டு சேர்ப்பதும் நிர்வாகமே.

'இவையெல்லாம் எதற்கு? அன்போடு நடத்தினால் போதாதா?' என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வோம். தாம்பரத்தில் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருப்பது யாவரும் அறிந்ததே. அப்பெயர் வரக் காரணம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே அமைத்த மருத்துவமனை. காசநோய் என்றாலே ஊர் ஒதுக்கிய காலம் அது. ஒருவரின் இரக்கம் அதனைத் தொடங்கியது. ஆனால் 1937-இல் அரசு அதனை ஏற்று நடத்தத் தொடங்கியதால்தான் அது ஒருவரின் ஆயுளோடு முடிந்துவிடாமல் தலைமுறைகளைத் தாண்டியது. தொடங்கி வைக்க அன்பு வேண்டும். தொடர்ந்து நடக்க நிர்வாகம் வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் இக்குழந்தைகளைக் குறிக்க வழங்கிய சொற்களை இன்று எழுதவும் கூசுகிறது. பிறகு 'ஊனமுற்றோர்' என்றோம். 2010-இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஏற்றது. சொல் மாறியதுபோல் சட்டமும் மாறியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தை ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கலாம் என்றது. இச்சட்டத்தின் பெயரிலேயே உரிமை என்ற சொல் இருக்கிறது. உரிமை உள்ளவரிடம் நாம் காட்ட வேண்டியது மரியாதை. இனிப்பு கொடுத்துவிட்டுப் புகைப்படம் கேட்கும் முன் இதனை நினைக்க வேண்டும்.

'அருகிலுள்ள பள்ளி' என்று சட்டம் சொல்கிறதே, அந்த அருகிலுள்ள பள்ளி எது? நம் பள்ளியும் அதில் ஒன்றல்லவா? எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும், சிறப்புப் பள்ளிகள் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. எங்களால் அதனை முழுமையாக ஏற்க இயலவில்லை. கடுமையான குறைபாடு உடைய சில குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளியின் பயிற்சி இன்றியமையாதது என்பதை நேரில் கண்டவர்கள் நாங்கள். ஆயினும் பொதுப் பள்ளியில் நன்றாகப் படிக்கக்கூடிய பல குழந்தைகள், வாயிலில் படி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மை. ஒரு சரிவுப் பாதைக்கு வேண்டியது சிறிது சிமெண்டும், நிறைய மனமும்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று. எங்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்களே. வகுப்பில் கை உயர்த்தாதவளை எழுப்பி நிறுத்தி, 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்ட சகோதரியை நாங்கள் மறக்கவில்லை. அதே கேள்வியை, குறைபாடுள்ள குழந்தையின் தாயிடமும் கேட்க வேண்டுகிறோம். நம் பள்ளியின் ஆலோசனைக் குழுவில் அத்தகைய தாய் ஒருவருக்கு இடம் தந்தால், மற்றப் பள்ளிகளுக்கு அது நல்வழி காட்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகளின் வகுப்பில் மெதுவாகப் பேசும் ஒரு பெண்ணோ, காதில் கருவி அணிந்த ஒரு பெண்ணோ சேர்ந்தால், 'என் பெண்ணின் படிப்பு கெடுமே' என்று அலுவலகத்திற்கு ஓடாதீர்கள். உங்களுக்கு ஓய்வு நேரமும் ஒரு தொழில் அறிவும் இருந்தால் அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்குச் சென்று கேளுங்கள். கணக்கு தெரிந்தவர், கட்டடம் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், வண்டிகளைப் பற்றித் தெரிந்தவர் எல்லாரும் அங்கே வேண்டும். பணம் கொடுப்பவரைவிட நேரம் கொடுப்பவர் குறைவு.

அன்புத் தங்கைகளே, இன்று நீங்கள் மாணவத் தலைவியரையும் வகுப்புத் தலைவியரையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். நாளை பல குழுக்களில் அமர்வீர்கள். உங்கள் முன் தாள்கள் வரும்; கை உயர்த்தச் சொல்வார்கள். அப்போது ஒரு விநாடி நின்று, 'இம்முடிவால் அல்லற்படப் போகிறவர் இந்த அறையில் இருக்கிறாரா?' என்று கேளுங்கள். இல்லையென்றால், அவர் வரும் வரை உங்கள் கை கீழேயே இருக்கட்டும். இதனை நாங்கள் மிகத் தாமதமாகக் கற்றோம். நாங்கள் தாமதித்ததற்கு விலை கொடுத்தவன் ஒரு சிறுவன்.

அவன் இப்போதும் அந்த வேனில்தான் வருகிறான். ஜன்னலோரம் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. எங்களைக் கண்டால் சிரிப்பான். அவனுக்கு எங்கள் மேல் கோபம் இல்லை. அந்தச் சிரிப்பே எங்களைத் தவறாமல் ஒவ்வொரு கூட்டத்திற்கும், குறித்த நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே இழுத்துச் செல்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிக்க எல்லாரையும் அழைப்போம். யார் தோளில் பாரம் அதிகமோ, அவரை முன்னால் நிறுத்துவோம்.

— பழைய மாணவியர் இருவர்